சத்திரமும் சரித்திரமும்

உங்கள் வீட்டுக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று எத்தனை மாதம் ஆகிறது? மாலையும் சால்வையும் போட்டு, கையில் ஒரு கடிகாரத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்களே, அன்றைக்கு அவர் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருப்பார். "இனிமேல் என்ன கவலை? நாம் இரண்டு பேருமாக ஊர் ஊராய்ப் போய் வரலாம்!" என்று உற்சாகமாகச் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். முதலில் மழைக்காலம் வந்தது. பிறகு பேத்திக்குப் பரீட்சை வந்தது. அதற்கும் பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்தது. இப்போது பிரயாணப் பேச்சை எடுத்தாலே பத்திரிகைக்குப் பின்னால் மறைந்துகொண்டு, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்.

ஓய்வு பெற்றவர் நீங்களாகவே இருந்தாலும் கதை இதுதான். ஆபீஸ் வேலைக்கு ஒரு முடிவு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021-ஆம் ஆண்டிலிருந்து ஓய்வு வயது 60. சமையலறைக்கு ஓய்வு வயது இன்னதென்று மட்டும் எந்த சர்க்காரும் இதுவரை உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை!

"போவதென்றால் காசிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் காஷ்மீருக்குப் போக வேண்டும். அதற்கெல்லாம் பணமும் தெம்பும் வேண்டாமா?" என்று கேட்கிறீர்களா? காசியும் காஷ்மீரும் இருக்கட்டும். முதலில் சுங்குவார்சத்திரத்துக்குப் போய் வாருங்கள்.

சிரிக்காதீர்கள், அம்மா! சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஏன் இந்த ஊர்?

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் பத்துக் கிலோ மீட்டர் போனால் வருவது சுங்குவார்சத்திரம். பஸ்ஸில் போகிறவர்கள் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிற ஊர். ஆனால் இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ தாய் தகப்பன்மார்களின் மனசு அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. காரணம், அவர்கள் பெற்ற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2007-இல் சுங்குவார்சத்திரத்துக்கு சாம்சங் வந்தது. ஒரகடத்தில் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகத் தொடங்கின. செல்போன் செய்யும் தொழிற்சாலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஏரியும் வயலுமாக இருந்த பூமியில் இன்று இரவு பகல் தெரியாமல் விளக்கு எரிகிறது. உங்கள் பிள்ளை அங்கே இல்லாவிட்டால் உங்கள் நாத்தனார் பிள்ளை இருப்பான். அவனும் இல்லாவிட்டால் எதிர் வீட்டு மாமியின் பெண் இருப்பாள்.

ஊரின் பெயரைக் கவனியுங்கள். அதன் கடைசியில் "சத்திரம்" என்று இருக்கிறது. இதே சாலையில் காஞ்சிபுரத்துக்கு அப்பால் பாலுச்செட்டிசத்திரம் என்று இன்னோர் ஊர் உண்டு. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஜனங்கள் யாத்திரை போன நாளில், வழிப்போக்கர்கள் இறங்கிக் கை கால் கழுவி, ஒரு வேளை சாப்பிட்டு, திண்ணையில் தலை சாய்ப்பதற்காகப் புண்ணியவான்கள் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். அந்த நாளில் சாலை பிரயாணிக்குச் சோறு போட்டது. இந்த நாளில் நெமிலி சுங்கச் சாவடியில் பிரயாணியிடம் காசு வாங்கிக்கொண்டு விடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

சத்திரத்தின் தேவை மட்டும் இன்றும் தீரவில்லை. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் இந்தப் பக்கத்து விடுதிகளில்தான் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதிச் சாப்பாட்டினால் பல பெண்கள் நோயுற்றபோது, அவர்களுடைய தோழிகள் இந்த நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் பக்கத்து வல்லம்-வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. சத்திரம் என்ற பெயர் போனாலும், ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் பத்திரமான படுக்கையும் வேண்டும் என்ற விஷயம் போகவில்லை.

ஆகவே பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க நீங்கள் எப்படியும் இந்தப் பக்கம் வரத்தான் போகிறீர்கள். வந்தவர்கள் மூன்று நாள் கூடுதலாக இருந்து நாலு திசையும் போய்ப் பாருங்கள். சுற்றிலும் ஐம்பது அறுபது கிலோ மீட்டருக்குள் ஆயிரத்து முந்நூறு வருஷத்துச் சரித்திரம் இறைந்து கிடக்கிறது. அதிலும் ஓர் அதிசயம்! இந்தச் சரித்திரத்தில் பாதி, குடும்பக் கதை.

முதல் நாள்: சொந்தக்காரர்கள் நிறைந்த சாலை

காலையில் காப்பியைக் குடித்துவிட்டுக் கிழக்கே ஸ்ரீபெரும்புதூருக்குப் புறப்படுங்கள். ராமானுஜர் 1017-ஆம் ஆண்டில் அவதரித்த ஸ்தலம் இது. 2017-இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு விழா இங்கே பிரமாதமாக நடந்தது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் அவருடைய திருவுருவத்தைத் "தானுகந்த திருமேனி" என்பார்கள். அதாவது, அவரே பார்த்து மகிழ்ந்த உருவம் என்று பொருள். சித்திரைத் திருவாதிரை சமயத்தில் போனால் ஊரே திருவிழாக் கோலமாக இருக்கும். கூட்டம் ஆகாதவர்கள் வேறு மாதத்தில் சாவகாசமாகப் போய்த் தரிசிக்கலாம்.

ராமானுஜரைப் பெரிய ஆசாரியர் என்று நமக்குத் தெரியும். அவருக்கும் சித்தி, சித்தி பிள்ளை, சகோதரி, மருமான் எல்லோரும் இருந்தார்கள் என்பதையும், அவர்களுடைய ஊர்கள் எல்லாம் இந்த ஒரே சாலையை ஒட்டியே இருக்கின்றன என்பதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. சகோதரி பிள்ளை முதலியாண்டான் பிறந்த ஊர், பூந்தமல்லிக்குப் பக்கத்து நசரத்பேட்டை. சென்னையிலிருந்து வரும்போதே அதைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அவர் மிகவும் மதித்த திருக்கச்சி நம்பியின் ஊர் பூந்தமல்லியேதான். அவருடைய தாயார் காந்திமதி அம்மையின் தங்கை பிள்ளை கோவிந்தன்; எம்பார் என்று பிற்காலத்தில் பெயர் பெற்றவர். அவர் பிறந்த ஊர் மதுரமங்கலம், சுங்குவார்சத்திரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

மத்தியானம் நடை சாத்துவதற்கு முன்னால் மதுரமங்கலத்துக்கும் போய் வந்துவிடுங்கள். ஆரவாரம் இல்லாத சின்ன ஊர். கோயிலில் எம்பாருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து அவருடைய கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ராமானுஜர் வாலிபராக யாதவப் பிரகாசர் என்னும் குருவிடம் படித்தார். குருவுக்கும் சிஷ்யருக்கும் பாடத்தில் கருத்து வேற்றுமை முற்றியது. "எல்லோரும் காசி யாத்திரை போவோம்" என்று குரு புறப்பட்டார். வழியில் ராமானுஜரைக் கங்கையில் முடித்துவிடுவது என்று ஏற்பாடு! கூடப் போன சித்தி பிள்ளை கோவிந்தன் இந்தச் சூழ்ச்சியைத் தெரிந்துகொண்டு, விந்தியமலைக் காட்டில் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "ஓடிப் போய்விடு" என்று எச்சரித்தான். சொந்தக்காரர்களால் தொல்லைதான் என்று அலுத்துக்கொள்கிறோமே, நடுக்காட்டில் உயிரைக் காப்பாற்றியது ஒரு சித்தி பிள்ளை!

கதை இத்துடன் முடியவில்லை. திசை தெரியாமல் காட்டில் நின்ற ராமானுஜருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். பொழுது விடியும் சமயத்தில் வேடுவச்சி தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாள். ராமானுஜர் பக்கத்துக் கிணற்றில் இறங்கி மொண்டுகொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணோம். எதிரே காஞ்சியின் கோபுரம் தெரிந்தது! வந்தவர்கள் வரதராஜரும் பெருந்தேவித் தாயாருமே என்பது ஐதீகம். அந்தச் சாலைக் கிணறு காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டுப் பக்கம் இருக்கிறது. நாளைக்குக் காஞ்சிக்குப் போகும்போது பார்க்கலாம். வழி தெரியாத பிள்ளைக்கு வழி காட்ட ஸ்வாமியும் அம்மனும் தம்பதியாகவே நடந்து வந்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருப்பதில் எத்தனை அழகு பாருங்கள்!

ராமானுஜருடைய சொந்தக் குடித்தனம் மட்டும் நிலைக்கவில்லை. திருக்கச்சி நம்பியை அவர் சாப்பிட அழைத்திருந்தார். கணவர் வெளியே போயிருந்த சமயத்தில் நம்பிக்குச் சாதம் போட்டு அனுப்பிவிட்டு, தஞ்சமாம்பாள் ஜாதி வித்தியாசம் பார்த்து இடத்தைக் கழுவி, வேறு சமையல் செய்தாள். இது போல மனஸ்தாபங்கள் சேர்ந்து, முடிவில் அவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். அவர் பக்கத்து நியாயம் பெரிது. ஜாதியைப் பாராட்டாத அந்த மனசுக்கு ஆயிரம் வருஷம் கழித்தும் கை கூப்புகிறோம். ஆனாலும் அந்தப் பெண்மணி பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போன வழியில் என்ன நினைத்திருப்பாள் என்று யாராவது கேட்டு எழுதி வைத்திருந்தால், அதையும் நாம் படித்திருப்போம்.

சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இன்னோர் இடம் பாக்கி இருக்கிறது. 1991 மே 21-ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்குப் பலியான இடம் அது. அங்கே எழுப்பிய நினைவிடத்தை 2003-இல் அப்துல் கலாம் திறந்து வைத்தார். ஏழு தூண்கள் நிற்கின்றன. அந்த இரவில் மாண்டவர்களில் பெயர் பெற்றவர் ஒருவர். பெயர் தெரியாத குடும்பத்துப் பிள்ளைகளும் போலீஸ்காரர்களும் பலர். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு வாருங்கள்.

தெம்பு இருந்தால், ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லக்கோட்டை முருகனையும் சேவித்துவிட்டுத் திரும்பலாம். அருணகிரிநாதர் பாடிய ஸ்தலம். ஏழடி உயரத்தில் கம்பீரமாக நிற்கிறார் முருகன்.

இரண்டாம் நாள்: பன்னிரண்டு வயதுப் பிள்ளை

மறுநாள் மேற்கே காஞ்சிபுரம். சுமார் 25 கிலோ மீட்டர்தான். காஞ்சியில் கோயில்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் பட்டியல் போடுவார். ஆபீஸ் பழக்கம் அவ்வளவு சீக்கிரத்தில் போகுமா? பட்டியலை வாங்கி மடித்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று இடம் போதும்.

முதலில் கைலாசநாதர் கோயில். பல்லவ அரசன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. கோயிலின் முகப்பில் சின்னச் சின்னச் சந்நிதிகள் வரிசையாக இருக்கும். எல்லோரும் அவற்றைத் தாண்டி அவசரமாக உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள்; நில்லுங்கள். அவற்றில் ஒன்றை எடுப்பித்தவள் ராஜசிம்மனுடைய ராணி ரங்கபதாகை. அதைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. கணவன் மலை போல ஒரு கோயில் கட்டினான். அதன் வாசலில் மனைவி தன் பெயரில் ஒரு கோயில் கட்டினாள். ஆயிரத்து முந்நூறு வருஷமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உங்களவரை அழைத்து இதைக் கட்டாயம் காட்டுங்கள்!

அடுத்தது வைகுண்டப் பெருமாள் கோயில். இதை எடுத்தவன் இரண்டாம் நந்திவர்மன். சுற்றுப் பிராகாரத்துச் சுவரில் பல்லவ வம்சத்தின் கதையையே சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சினிமாப் படம் போல ஒன்றன் பின் ஒன்றாகக் காட்சிகள் ஓடுகின்றன. அதில் ஒரு காட்சி, பிள்ளையைத் தூர தேசத்துக்கு வேலைக்கு அனுப்பிய ஒவ்வொரு தாயும் தகப்பனும் பார்க்க வேண்டியது.

காஞ்சியை ஆண்ட இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோனான். நாட்டுப் பெரியவர்கள் பல்லவர் குலத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மன் என்னும் அரசனைத் தேடிப் போய், "உங்கள் பிள்ளைகளில் ஒருவனை எங்களுக்கு ராஜாவாகக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அவனுக்குப் பிள்ளைகள் நால்வர். மூத்தவர்கள் மூவரும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன், "நான் போகிறேன்" என்றான். அவனுக்கு வயது பன்னிரண்டு!

தகப்பனுக்கு மனம் வரவில்லை. இத்தனை சின்னப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தயங்கினான். பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்லித் தேற்றிய பிறகுதான் விடை கொடுத்தான். பிள்ளை மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வந்து, நந்திவர்மனாக முடி சூடினான். பிற்காலத்தில் தான் கட்டிய கோயிலில், தன்னை வழி அனுப்பிய அந்தக் கதையையும் கல்லில் வெட்டும்படி செய்தான்.

இங்கே சற்று நேரம் உட்காருங்கள். "ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன்" என்று உங்கள் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது உங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வாசல் பக்கம் போய்விட்டாரே, அது ஞாபகம் வரும். ராஜாவானால் என்ன, ரிட்டயர்டு தலைமைக் குமாஸ்தாவானால் என்ன? தகப்பன் தகப்பன்தான்.

மூன்றாவது வரதராஜர் கோயில். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். தரிசனம் ஆனதும் கோயில் இட்டிலி எங்கே கிடைக்கிறது என்று விசாரித்துச் சாப்பிடுங்கள். மிளகு, சீரகம், சுக்குத் தட்டிப் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து ஆவியில் வேக வைப்பது. உங்கள் மருமகள் அதன் பக்குவம் கேட்டால் மந்தாரை இலையை விட்டுவிடாமல் சொல்லுங்கள். வாசனையில் பாதி அந்த இலையில் இருக்கிறது.

பட்டுப் புடைவை விஷயத்தில் நான் தலையிடப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கடைக்குப் போவதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் மற்ற இரண்டு கோயில்களையும் மறந்துவிட வேண்டியதுதான்!

மூன்றாம் நாள்: இரண்டு வழிகள்

மூன்றாம் நாளுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. உங்கள் இருவரில் யாருக்கு எது பிடிக்கிறதோ, அதை எடுத்துக்கொள்ளலாம்.

அவருக்கு அரசியலும் சட்டமும் பிடிக்குமானால் காஞ்சிக்குத் தெற்கே சுமார் 30 கிலோ மீட்டரில் உத்திரமேரூருக்குப் போங்கள். அங்குள்ள கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. கிராம சபையின் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விதிகளை அவை சொல்கின்றன. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிற்பவருக்கு வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். அறுபது வயதில் ஆபீஸில் மாலை போட்டு அனுப்பப்பட்டவருக்கு உத்திரமேரூரில் இன்னும் பத்து வருஷம் உத்தியோகம் உண்டு!

எனக்குப் பிடித்த விதி வேறொன்று. பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடியும் நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய பிள்ளைகள், சகோதரர்கள், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மருமகன் என்று நீளமாகப் பட்டியல் போட்டு, அத்தனை பேரும் நிற்கக் கூடாது என்று கல்லிலே வெட்டி வைத்துவிட்டார்கள். உறவு முறைகளை இத்தனை கவனமாக எழுதியவர்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நம்மவர்களுக்கு அடுத்தபடி அவர்கள்தான். பெண்களுடைய பெயர் அந்தக் குடத்தில் இல்லை. இன்று தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. இது கல்வெட்டின் எதிரே நின்று நினைத்துப் பார்த்துத் திருப்திப்பட வேண்டிய சமாசாரம்.

இரண்டாவது வழி, கூரமும் திருப்புட்குழியும். இரண்டும் காஞ்சிக்குப் பக்கத்துக் கிராமங்கள். திருப்புட்குழியில் ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்தார் என்பது ஐதீகம். பெறாத பிள்ளையாக இருந்து கடைசிக் காரியம் செய்த கதை. ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இந்த ஊரில்தான். குழந்தை வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு தாயாரை வேண்டிக்கொள்வது வழக்கம்.

கூரம் பழைய ஊர். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த செப்பேடு இங்கே கிடைத்தது. கோயிலில் பாரதம் வாசிப்பதற்கு ஏற்பாடு செய்ததைக் கூட அது சொல்கிறது. ஆனால் நான் உங்களைக் கூரத்துக்குப் போகச் சொல்வது ஒரு தம்பதிக்காக.

கூரத்தாழ்வான் பெரிய செல்வந்தர். தினமும் வந்தவர்களுக்கெல்லாம் அன்னமிட்ட வீடு. ஒரு நாள் அத்தனையையும் தானம் செய்துவிட்டு, மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டுவிட்டார். காட்டு வழியில் போகும்போது ஆண்டாள், "இங்கே பயம் ஏதும் உண்டோ?" என்று கேட்டாள். "மடியில் கனம் இருந்தால் அல்லவா வழியில் பயம்? உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?" என்றார் அவர். கணவர் சாப்பிடுவதற்காக ஒரே ஒரு பொன் வட்டிலை அவள் எடுத்து வந்திருந்தாள். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, "இனி வா, பயமில்லை" என்று நடந்தாராம்.

ஆழ்வானின் வைராக்கியத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கோ ஆண்டாளை நினைத்தால் மனம் உருகுகிறது. சொத்து சுகம் எல்லாவற்றையும் விட்டு வந்தவள், அவருக்கு மட்டும் வழக்கமான வட்டிலில் சாதம் போட வேண்டும் என்று நினைத்தாளே! நம் வீட்டுப் பிரயாணங்களிலும் அவருடைய மாத்திரை, அவருடைய வெந்நீர்ப் பிளாஸ்க், அவருக்குப் பிடித்த ஊறுகாய் என்று மூட்டை கட்டுகிறவர் யார்? இந்தத் தடவை ஒன்று செய்யுங்கள். மாத்திரைப் பெட்டியை இரண்டு பேருக்கும் ஒன்றாக அவரே எடுத்து வைக்கட்டும். ஊறுகாய் ஜாடியைக் கூரத்தாழ்வான் பேரைச் சொல்லி வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பிள்ளை வீட்டில் மூன்று நாள்

இனிச் சில சில்லறை விஷயங்கள். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறை. இரவு வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளை பகலில்தான் தூங்க வேண்டும். ஊரிலிருந்து வந்த நாம், "என்னடா, பகலெல்லாம் தூக்கம்?" என்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால் அவனுக்கும் கஷ்டம், நமக்கும் மனஸ்தாபம். காலையில் நீங்கள் புறப்பட்டு வெளியே போய்விடுங்கள். மாலையில் அவன் தெளிந்த முகத்தோடு எழுந்து, "இன்றைக்கு எங்கே போனீர்கள்?" என்று கேட்பான். பேச விஷயமும் இருக்கும். பெண் விடுதியில் இருந்தால் அவளுடைய வார விடுமுறையைக் கேட்டுக்கொண்டு, அன்றைய நாளை அவளோடு போகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகளும் வேலைக்குப் போகிறவளானால், அவள் லீவு போட்டுச் சமைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வந்த இடத்தில் நீங்களே சமையலறையை எடுத்துக்கொள்வதும் வேண்டாம். அப்படிச் செய்தால் உங்கள் யாத்திரை அடுப்படிக்கும் கூடத்துக்குமாக முடிந்துவிடும்!

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மலை மலையாகப் போகும். ஷிப்ட் மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். ஆகையால் வெயிலுக்கு முன்பே புறப்பட்டு, இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிடுவது உசிதம். உங்கள் வீட்டுக்காரர், "நானே ஓட்டுவேன்" என்று பிடிவாதம் பிடித்தாலும், மூன்று நாளைக்கும் தெரிந்த டிரைவரோடு வாடகைக் கார் அமர்த்துவது நல்லது. அவரும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டு வர வேண்டாமா? கோயில்கள் நடுப்பகலில் மூடியிருக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் சிரம பரிகாரத்துக்கும் வைத்துக்கொண்டால் முழங்காலும் பிழைக்கும்.

நாற்பது வருஷக் கணக்கு

வரதராஜர் கோயிலைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அந்தக் கோயில் திருக்குளத்தின் அடியில் அத்தி மரத்தாலான பழைய பெருமாள் சயனித்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளி 48 நாள் தரிசனம் தருகிறார். 1979-இல் வந்தார். அதற்குப் பிறகு 2019-இல் வந்தார். அந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காஞ்சிபுரம் ஜனசமுத்திரமாக இருந்தது நினைவிருக்கும்.

1979-இல் புது மணத் தம்பதியாகத் தரிசித்தவர்கள் 2019-இல் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். ஒரு தாம்பத்தியம் முழுவதும் இரண்டு தரிசனத்துக்கு நடுவில் அடங்கிப்போகிறது. மூன்றாவது தரிசனம் 2059-இல். உங்களுக்கும் அவருக்கும் அப்போது என்ன வயது என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிற பேச்சு அப்புறம் சுலபமாக வாயில் வராது.

கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சின்னக் கடை. அதை நடத்தியவர்கள் கே. ஆர். விஜயன், மோகனா என்னும் தம்பதி. 1963-இல் தேநீர் விற்கத் தொடங்கிய விஜயன், நாளடைவில் தினமும் 300 ரூபாயைப் பிரயாணத்துக்கென்று தனியே எடுத்து வைத்தார்; போதாததற்குக் கடன் வாங்கினார்; திரும்பி வந்து தேநீர் விற்றுக் கடனை அடைத்தார். 2007-இல் தொடங்கிய வெளிநாட்டுப் பிரயாணம் 26 தேசங்கள் வரை போயிற்று. எங்கே போனாலும் மோகனா அம்மாள் கூடவே போனார். 2021 அக்டோபரில் இருவரும் ருஷ்யாவுக்குப் போய்த் திரும்பினார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார்.

"இன்னும் ஒரு வருஷம் கழித்துப் போகலாம்" என்று அவர்கள் சொல்லியிருந்தால்? கடை இருந்திருக்கும், கடன் இராது. ருஷ்யா மட்டும் பாக்கி நின்றிருக்கும்.

நமக்கு ருஷ்யா வேண்டாம். ஐம்பது கிலோ மீட்டருக்குள் ஒரு சித்தி பிள்ளையின் ஊரும், ஒரு ராணியின் கோயிலும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வழி அனுப்பிய தகப்பனும் காத்திருக்கிறார்கள். சாலையின் நடுவில் உங்கள் சொந்தப் பிள்ளை காத்திருக்கிறான். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பத்திரிகையை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, எந்த வெள்ளிக்கிழமை புறப்படுவது என்று மட்டும் கேளுங்கள். "போகலாமா?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவரிடம் பழைய பதில் தயாராக இருக்கிறது!